அமால்ஃபி, மயோர்க்கா, லிசியா: வழிகாட்டி இல்லாமல் நடக்க எந்தக் கடலோரம்?

மத்தியதரைக் கடலோரத்தில் வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல், வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டும் என்று தேடினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இத்தாலியில் அமால்ஃபி கடற்கரை. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஜி.ஆர். 221 என்ற மலைப்பாதை. துருக்கியின் தென்மேற்குக் கரையில் லிசியப் பாதை. படங்களைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்றிலும் அதே நீலக் கடல்தான், அதே வெள்ளைப் பாறையும் ஆலிவ் மரமும்தான். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும், பாதி வழியில் முடியாமல் போனால் வெளியேற இடம் உண்டா என்ற மூன்று கேள்விகளில்தான் இவை பிரிகின்றன.

தண்ணீரை எடுத்த எடுப்பிலேயே பேசிவிடுவது நல்லது. மூன்றும் சுண்ணாம்புக்கல் மலைகள். பெய்யும் மழை பாறை வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கிவிடும். மேலே ஓடை நிற்காது. வரைபடத்தில் நீலக் கோடு இருப்பதைப் பார்த்து ஆறு என்று நம்பிப் போனால் மே மாதத்திலேயே வெறும் கூழாங்கல்தான் கிடக்கும். நிழலில்லாத மலைச்சரிவில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு.

அமால்ஃபி: படிக்கட்டுகளின் நாடு

இங்கே பாதை என்றால் பெரும்பாலும் படிதான். கார்ச்சாலை வருவதற்கு முன்பு எலுமிச்சைத் தோட்டங்களையும் மலையூர்களையும் துறைமுகங்களோடு இணைத்தவை இந்தப் படிகளே. ஒன்றின் உயரம் போல இன்னொன்று இருக்காது. பல இடங்களில் கல் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. மேலே ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். சேதம் இறங்கும்போது நடக்கிறது. இரண்டாம் நாள் மாலை முட்டிக்குக் கீழே வலி தொடங்கும், மூன்றாம் நாள் தொடை பிடித்துக்கொள்ளும். இரண்டு கைத்தடி இங்கே கட்டாயம் என்றே சொல்வோம்.

புகழ்பெற்ற 'தெய்வங்களின் பாதை' அஜெரோலாவின் போமெரானோவில் தொடங்கி பொசித்தானோவுக்கு மேலே இருக்கும் நொச்செல்லேயில் முடிகிறது. ஆறு ஏழு கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம் போதும். போமெரானோ கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல், நொச்செல்லே அதைவிடத் தாழ்வு. அதனால் போமெரானோவிலிருந்து கிளம்புவதே சரி: இறக்கமும் கிடைக்கும், காப்ரி தீவு கண்ணெதிரிலும் இருக்கும். நொச்செல்லேயிலிருந்து கடலோரச் சாலைக்கு 1,500-க்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. முட்டி சரியில்லாதவர்கள் அங்கிருந்து பொசித்தானோவுக்குப் போகும் சிறிய பேருந்தில் ஏறிக்கொள்ளட்டும். இதில் குறைச்சல் எதுவும் இல்லை.

அமால்ஃபியின் பலம், ஒரே ஊரில் பெட்டியை வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் வேறு வழி நடக்கலாம் என்பது. அத்ரானியிலோ மினோரியிலோ அறை எடுத்தால் ரவெல்லோவுக்கு ஏறி மினோரிக்குப் படிவழியாக இறங்குவது ஒரு நாள். பொன்தோனேயிலிருந்து ஃபெர்ரியேரே பள்ளத்தாக்கு வழியாக, பழைய காகித ஆலைகளின் இடிபாடுகளைத் தாண்டி அமால்ஃபிக்கு வருவது இன்னொரு நாள். மூன்று பாதைகளிலும் சேர்த்து ஓடும் தண்ணீரும் அடர்ந்த நிழலும் நிச்சயமாகக் கிடைக்கும் அபூர்வமான இடம் இந்தப் பள்ளத்தாக்கு. பழங்காலத்திலிருந்து தப்பிப் பிழைத்த வுட்வார்டியா என்ற பெரிய பெரணி இங்கே வளர்கிறது. தெய்வங்களின் பாதையில் நெரிசலுக்குள் வரிசையாக நகர்பவர்களில் பாதிப்பேர் இங்கே வந்தால் நிறைவாகத் திரும்புவார்கள்.

பலவீனம் போக்குவரத்து. எல்லாரும் நம்பியிருப்பது ஒரே ஒரு வளைந்த சாலையையும் அதில் ஓடும் சீத்தா நிறுவனத்தின் பேருந்தையும்தான். டிக்கெட்டை ஏறுமுன்பே புகையிலைக் கடையில் வாங்கி வைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நடு நிறுத்தங்களில் பேருந்து நிரம்பி வந்து நிற்காமலே போய்விடும்; தொடக்க நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறினால் இடம் கிடைக்கும். படகு சுகமான வழி. ஆனால் கடல் கொந்தளித்தால் ஓடாது, குளிர்காலத்தில் பெரும்பாலும் சேவை இருக்காது.

மயோர்க்கா: ஒழுங்கான பாதை, நெருக்கடியான படுக்கை

ஜி.ஆர். 221-ஐ 'உலர்கல் பாதை' என்பார்கள். த்ரமுந்தானா மலைத்தொடரில் சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய மதில்களுக்கும் அடுக்கு வயல்களுக்கும் நடுவே போகிறது. 2011-ல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த்ராச் முதல் பொயென்சா வரை சுமார் 140 கிலோமீட்டர். மேற்குப் பகுதியில் நில உரிமையாளர்களுடனான பிணக்கால் வழி அங்கங்கே அறுபடும். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பகுதியைத் தயங்காமல் விட்டுவிட்டு வால்தெமோசாவில் தொடங்குங்கள். பால்மாவிலிருந்து 203 எண் பேருந்து அங்கேயே இறக்கிவிடும்.

வால்தெமோசா–தெயா, தெயா–சோயெர், சோயெர்–தோசால்ஸ் வெர்ட்ஸ் மலைவிடுதி, அங்கிருந்து ல்யுக் மடாலயம், பிறகு பொயென்சா: ஐந்து நாள் நடை. தெயாவிலிருந்து சோயெர் அரை நாள்தான், ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே. கடினமானது மூன்றாம் நாள். சோயெர் கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில் இருக்கிறது. பினியராஷ் பள்ளத்தாக்கின் சுமார் 2,000 கற்படிகளில் ஏறி 875 மீட்டர் உயரத்து ஓஃப்ரே கணவாயைத் தாண்டி, கூபர் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போக வேண்டும். இந்தப் படிகள் அமால்ஃபியினுடையவை போல அல்ல. கழுதைகளின் காலடிக்கு அளவாக, அகலமாக, தாழ்வாக அமைத்தவை. உலர்ந்த நாளில் கால் தானாக ஏறும். நனைந்தால் நிலைமை வேறு. சுண்ணாம்புக்கல் சவர்க்காரம் தேய்த்தது போல வழுக்கும். காலையில் மழை முன்னறிவிப்பு இருந்தால் ஒரு நாள் சோயெரிலேயே தங்கிவிடுவது நல்லது.

இங்கே பலர் செய்யும் தவறு, சோயெர் துறைமுகத்துக்கு மேலே கலங்கரை விளக்கருகே இருக்கும் முலெத்தா விடுதியில் தூங்கிவிட்டு அடுத்த நாளே தோசால்ஸ் வெர்ட்ஸுக்கு நடக்கப் பார்ப்பது. அது ஒரு நாள் நடைக்கு மிக அதிகம். சோயெர் ஊருக்குள் தங்குங்கள். முலெத்தாவில்தான் இடம் கிடைத்தது என்றால் காலை டிராமைப் பிடித்து ஊருக்கு வந்து நடையைத் தொடங்குங்கள்.

தீவின் அரசு நடத்தும் மலைவிடுதிகள் எளிமையானவை: அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை, முன்கூட்டிச் சொன்னால் இரவுச் சாப்பாடு. ஐரோப்பாவின் விலைவாசிக்கு மலிவு. அதனாலேயே ஏப்ரல், மே, அக்டோபர் வார இறுதிகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். தோசால்ஸ் வெர்ட்ஸுக்கு விருந்தினர் வண்டி போகாது, அதனால் பை கடத்தும் சேவையும் அங்கே வராது. அந்த ஓர் இரவுக்கான பொருளை முதுகில்தான் சுமக்க வேண்டும். மறுநாள் 1,205 மீட்டரில் பிராத் கணவாய், பாதையிலேயே உயர்ந்த இடம். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்பு பனியைச் சேமித்து வைத்த கற்குழிகள் இந்தச் சரிவுகளில் இருக்கின்றன. பனியை அடுக்கு அடுக்காக மிதித்து இறுக்கி, நாணல் பரப்பி மூடி, கோடையில் ராவோடு ராவாகக் கழுதைகளில் ஏற்றிக் கீழே அனுப்புவார்கள். அந்த வேலைக்காகப் போட்ட வழியில்தான் நீங்கள் நடக்கிறீர்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்சைமாதா என்ற சுருள் ரொட்டி எல்லாப் பேக்கரியிலும் அழகாக அடுக்கியிருக்கும். அதைப் பன்றிக் கொழுப்பில்தான் செய்வார்கள். தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய 'பா அம்ப் ஒலி' ரொட்டியும் கத்தரிக்காய், உருளை, மிளகாய் அடுக்கிய தும்பெத்தும் நம்பிச் சாப்பிடலாம்.

லிசியா: பரந்தது, பொறுப்பும் உங்களுடையது

1999-ல் கேட் க்ளோ என்ற பிரிட்டிஷ் பெண்மணி அடையாளமிட்டுத் திறந்த பாதை இது. ஃபெதியே அருகிலிருந்து அந்தாலியா பக்கம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாரத்தில் முழுவதும் முடியாது, துண்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேற்குத் துண்டு ஓவாஜிக்கில் தொடங்கி, பாபாதாக் மலையின் தோளில் ஏறி ஃபராலியா, கபாக், அலின்ஜா, கெய் வழியாகப் பழைய நகரமான பத்தாராவை நோக்கிப் போகிறது. காட்சிக்கு நாங்கள் முதலிடம் தருவது இதற்குத்தான். கிழக்குத் துண்டு கராவோஸ், கெலிதோனியா கலங்கரை விளக்கம், அத்ராசான், ஒலிம்போஸ், சிராலி. இதில் கராவோஸ்–அத்ராசான் நாள்தான் ஆட்களைத் தோற்கடிப்பது. இருபது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, கடை கிடையாது, கலங்கரை விளக்கத்துக்குப் பிறகு சாலையும் கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டர் சுமந்து விடியலில் கிளம்ப வேண்டும். கலங்கரை விளக்கத்தைப் பகல் பன்னிரண்டுக்குள் தொடவில்லை என்றால் கராவோஸுக்கே திரும்பிவிடுங்கள்.

வழியில் பழைய கல் தொட்டிகள் தென்படும். மழைநீரை ஆடுமாடுகளுக்காகத் தேக்கியவை. வடிகட்டிக் கொதிக்க வைக்காமல் அல்லது மாத்திரை போடாமல் குடிக்கக் கூடாது. வறண்ட இலையுதிர்காலத்தில் அடியில் சேறுதான் இருக்கும்.

அடையாளம் சிவப்பு-வெள்ளைக் கோடு, பாறையிலும் மரத்திலும். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அது தவறான வழி. புதிய மண்சாலை வெட்டும்போதும் காட்டுத்தீக்குப் பிறகும் அடையாளங்கள் காணாமல் போகும். நூறு மீட்டர் நடந்தும் கோடு கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த கோட்டுக்குத் திரும்புங்கள். "எப்படியும் கீழேதானே போகிறது" என்று குறுக்கே இறங்காதீர்கள். கீழே போகும் ஆட்டுத்தடம் பெரும்பாலும் ஒரு செங்குத்துப் பாறை விளிம்பில் முடியும். ஃபராலியாவிலிருந்து வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் கயிற்றுவழியில் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்றால் ஓலுதெனிஸிலிருந்து படகில் போகலாம்.

காவல் நாய்கள் ஆட்டுமந்தையோடுதான் இருக்கும். மந்தையை நடுவே பிளந்து போகாமல் நன்றாகச் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். இரவுத் தங்கல் 'பென்ஷன்' எனப்படும் கிராமத்துச் சிறு விடுதிகளில். இரவுச் சாப்பாடும் காலையுணவும் வாடகையோடு சேர்த்தே வரும். பருப்புச் சூப், தயிர், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய காய்கள், கீரையோ சீஸோ வைத்த கோஸ்லெமே ரொட்டி என்று சைவர்களுக்கு மூன்றிலும் இதுவே வசதி. சூப்பை எலும்புச் சாற்றில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

சந்தோஸ் என்ற பழைய லிசிய நகரைத் தாண்டும் சமவெளி முழுக்கத் தக்காளிப் பசுங்கூடங்கள். அங்கே தொல்முஷ் என்ற பகிர்வு வண்டியில் ஏறி மிச்சப்படும் நேரத்தை கல்கானுக்கு மேற்கே தெலிக்கெமெருக்குக் கொடுங்கள். பத்தாராவுக்குத் தண்ணீர் கொண்டுபோன ரோமானியக் கால்வாய் அங்கே ஒரு தாழ்வைக் கடக்கிறது. பாலம் கட்டி வளைவுகளை உயர்த்துவதற்குப் பதிலாக, பெரிய கற்களின் நடுவே துளையிட்டு, ஒன்றன் முனை மற்றதன் குழியில் பொருந்தும்படி அடுக்கி, ஒரு கற்குழாயே செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் இறங்கிய தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே மறுபக்கம் ஏறியது. துளைக்குள் கைவிட்டுப் பார்க்கலாம், அவ்வளவு பக்கத்தில் போகிறது பாதை.

நேரக் கணக்கும் பருவமும்

1892-ல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். இந்தக் கற்பாதைகளில் அது செல்லாது. மணிக்கு மூன்று கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். 14 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் பழைய கணக்கில் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. நம் கணக்கில் ஆறு மணி பத்து நிமிடம், ஓய்வு தனி.

ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதி வரை மூன்றுக்கும் நல்ல காலம். இலையுதிர்காலத்தில் வேறுபாடு உண்டு. கோடை முழுக்கச் சூடேறிய கடல்மேல் செப்டம்பர் இறுதியில் முதல் குளிர்காற்று வந்ததும் மேற்கு மத்தியதரையில் பேய்மழை கொட்டும். அமால்ஃபியில் மண் சரிந்து பாதைகள் மூடப்படுவது இதனால்தான். லிசியாவில் அக்டோபர் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று இத்தாலியும் ஸ்பெயினும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும். அதன்பின் அமால்ஃபியில் மாலை ஐந்தேகாலுக்குள் இருட்டத் தொடங்கிவிடும். துருக்கி கடிகாரத்தை மாற்றுவதில்லை.

முதல் முறை, ஒரு வாரம், ஊர் ஊராக நடக்க ஆசை என்றால் எங்கள் பரிந்துரை மயோர்க்கா. ஏறக்குறைய எல்லா இரவும் பேருந்து வரும் ஊரில் முடிகிறது, பாதை தெளிவு. வீட்டுப் பெரியவர்களோடு போகிறீர்கள், சிலர் நடப்பார்கள், சிலர் மாட்டார்கள் என்றால் அமால்ஃபி. வரைபடம் படிக்கத் தெரிந்து, எட்டுக் கிலோ சுமந்து ஏழு மணி நேரம் நடக்கக்கூடியவர்கள் லிசியாவை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்குப் போக வேண்டியதில்லை.

மயோர்க்காதான் என்றால் விமானச் சீட்டை வாங்குவதற்கு முன்பு தோசால்ஸ் வெர்ட்ஸில் படுக்கை இருக்கும் தேதியைப் பிடியுங்கள், மற்ற இரவுகளை அதற்கேற்ப அமையுங்கள். அந்த முன்பதிவுச் சீட்டுகளே ஷெங்கன் விசா (ஸ்பெயின், இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்றாகவும் உதவும். துருக்கிக்குத் தனி விசா; இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா இருந்தால் மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், இல்லாதவர்கள் தூதரக வழியில்தான் போக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஏப்ரல் நடைக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.