உம்கேனி முகத்துவாரத்தில் படகுக் கொட்டகை: தூண்மேலா, தரைமேலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் படகுக் கொட்டகைக்கு இடம் பார்ப்பவர் முதலில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். கடல் ஏற்ற அட்டவணை உயரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டம், நில அளவையின் பூஜ்ய மட்டத்துக்குச் சுமார் 0.9 மீட்டர் கீழே இருக்கிறது. அட்டவணை உயரத்திலிருந்து அதைக் கழிக்காவிட்டால் கணக்கு அங்கேயே கெட்டது. ஆற்று வெள்ளம் பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்து வரும் நாளை வைத்தே உயரம் குறியுங்கள்.

தூணில் தூக்கிய தளம் பொருளை நனையவிடாது. ஆனால் இங்கே பெரிய எதிரி மண்ணரிப்பு. 1917 வெள்ளம் இந்த ஆற்றங்கரை ஸ்பிரிங்ஃபீல்டின் இந்தியத் தோட்டக்காரர்களைப் பாடாய்ப் படுத்தியது நம்மவர்களுக்குத் தெரியும். 1987 செப்டம்பரிலோ முகத்துவாரத்தின் நடுத்தீவையே ஆறு வாரிக்கொண்டு போனது. மேலோட்டமாக நட்ட தூண் எம்மாத்திரம்? மணல் தாண்டிக் கெட்டித் தரைவரை இறக்க வேண்டும். காசெல்லாம் அதில்தான் போகும். மிதந்து வரும் மரங்கள் தூண்களுக்கிடையே சிக்கினால் மொத்த வேகமும் கொட்டகைமேல் விழும்.

தரைமட்டக் கொட்டகை மலிவு. நீரை உள்ளே விட்டுவிடுங்கள். அடைத்து வைத்தால், வெளியே 1 மீட்டர் நீர் நின்றாலே சுவரடியில் சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம். 12 சதுர மீட்டர் தளத்துக்கு, எதிரெதிர்ச் சுவர்களில் மொத்தம் 840 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். அடிவிளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். நெருக்கமான வலை போட்டால் நாணல் குப்பை அடைத்துவிடும்.

துடுப்பும் மிதவைச் சட்டையும் மட்டும் வைப்பவருக்கு இதுவே போதும். எஞ்சினை அங்கேயே விட்டுப் போவதானால் தூண்தான்.