கோதுமை ஆராய்ச்சிக்கு கான்சாஸா, வாஷிங்டனா?

முனைவர் பட்டத்துக்கு எனக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். அது இருக்கும் ஊர் பெயரும் மன்ஹாட்டன்தான், ஆனால் நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை. இன்னொன்று வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம், புல்மன். தலைநகரம் இல்லை, வடமேற்கு மூலையில் இருக்கும் மாநிலம். நான் கான்சாஸ் போனேன். இப்போது ஜூனியர்கள் அதே கேள்வியோடு வருவதால் எழுதி வைக்கிறேன்.

உதவித்தொகை, பனி, சைவச் சாப்பாடு எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விட்டுவிடலாம்.

முதலில் புல்மன். அங்கே மூன்று நாள் மட்டுமே தங்கினேன், நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பயிர்ப் பெருக்கத்தில், அதாவது புது ரகங்களை உருவாக்குவதில், அந்த ஊரின் வரலாறு பெரியது. ஓர்வில் வோகல் என்ற விஞ்ஞானி, நோரின் 10 என்ற ஜப்பானியக் குட்டைக் கோதுமையை பிரெவர் என்ற அமெரிக்க ரகத்தோடு கலப்புச் செய்தது அங்கேதான். அந்த விதைதான் மெக்சிகோவில் பசுமைப் புரட்சிக்குப் பெயர்பெற்ற நார்மன் போர்லாக் கைக்குப் போய், குட்டைக் கோதுமையாக நம் பஞ்சாப் வரை வந்தது. 1961இல் வெளியான கெயின்ஸ் ரகமும் வோகல் கொடுத்ததுதான். மஞ்சள் துரு நோயில் ஆழமாக இறங்க நினைப்பவர்களுக்கு அந்த ஊரைத் தாராளமாகச் சொல்வேன்.

ஆனால் அங்கே விளைவது பெரும்பாலும் மென்மையான வெள்ளைக் கோதுமை. அதில் பெரும்பகுதி ஜப்பான், பிலிப்பைன்ஸ் மாதிரி நாடுகளுக்குக் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் கப்பல் ஏறுகிறது. அதனால் அங்கே தரம் என்றால் குக்கீ எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதுதான். அப்புறம் ஃபாலிங் நம்பர் சோதனை. தானியத்தின் மாவுச்சத்து சிதைந்திருக்கிறதா என்று காட்டுவது. மாவுக் கரைசலைக் குழாயில் சூடாக்கி, அதில் கம்பி எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 300 விநாடிக்குக் கீழே போனால் விவசாயிக்கு விலை குறையும். 2016இல் அந்தப் பகுதி விவசாயிகள் பலர் இதில் அடிபட்டார்கள். முக்கியமான ஆராய்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் எனக்குள் இருந்த கேள்வி வேறு.

எங்கள் மாமா விருதுநகர்ப் பக்கம் புரோட்டாக் கடை வைத்திருந்தார். அதே மில், அதே மூட்டை. ஒரு வாரம் மாஸ்டர் வீசினால் மாவு துணி மாதிரி விரியும். அடுத்த வாரம், "மாவுல இழுவையே இல்லண்ணே, அறுந்து அறுந்து போகுது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். தப்பு கோதுமையிலா, அரவையிலா என்று கடையில் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

கான்சாஸ் பக்கம் நான் சாய்ந்ததற்கும் அதுதான் காரணம். அங்கே தானிய அறிவியல் என்று தனித் துறை இருக்கிறது. அரவை, பேக்கரி, தீவனம் மூன்றும் அதற்குள் வரும். ஹால் ராஸ் மாவு ஆலை பல்கலைக்கழகத்தின் சொந்த ஆலை. உருளைகளும் சல்லடைகளும் மாடி மாடியாக ஓடும் நிஜ மில்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? பயிர்ப் பெருக்கத்தில் ஆரம்பத் தலைமுறைகளில் ஒரு வரிசைக்கு, அதாவது இன்னும் ரகமாகாமல் சோதனையில் இருக்கும் ஒரு வகைக்கு, கையளவு தானியம்தான் கிடைக்கும். 300 மணிகளை ஒவ்வொன்றாக நசுக்கிக் கடினத்தன்மை பார்க்கலாம். பத்து கிராம் மாவு இருந்தால், பிசையும்போது அதன் வலுவைக் கோடாக வரையும் மிக்ஸோகிராஃப் கருவியில் போடலாம். மிக்ஸோகிராஃபே 1930களில் கான்சாஸில் பிறந்ததுதான். மாவு பிசையப் பிசைய வளைகோடு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். சட்டென்று ஏறிச் சரிந்தால், மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதத்துக்கு வலு இல்லை. இந்த வசதிகள் புல்மனிலும் இருக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் கோதுமைத் தர ஆய்வகம் இரண்டு ஊரிலும் உண்டு.

ஆனால் சின்ன ஆய்வக மில் பலவற்றில் உருளை இடைவெளியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதில் அழகாக அரைபட்ட ரகம் பெரிய ஆலையில் தவிட்டைப் பொடியாக்கி மாவோடு கலந்துவிடும். சாம்பல் அளவு (மாவை எரித்தால் மிஞ்சுவது, தவிடு கலந்தால் கூடும்) ஏறும், மாவின் நிறம் மங்கும். நான் முதன்முறை டெம்பரிங் செய்தபோது அவசரப்பட்டேன். கடினக் கோதுமையை ஈரம் 16 சதவீதம் வரும்படி தண்ணீர் சேர்த்து ஒரு இரவு முழுக்க ஊறவிட வேண்டும். நான் சில மணி நேரத்திலேயே உருளைக்கு விட்டேன். சல்லடைக்கு அடியில் கையை நீட்டினால், உள்ளங்கையில் வெள்ளை மாவில் மிளகுத்தூள் தூவியது போலத் தவிட்டுப் புள்ளிகள். அதே கோதுமை, அதே மில், மாறியது ஊறிய நேரம் மட்டுமே. மாமா கடை மூட்டைகள் அன்றைக்குத்தான் எனக்குப் பாதி புரிந்தன.

ரகங்களிலும் கான்சாஸ் சளைத்ததல்ல. 1994இல் வெளியிட்ட ஜாகர் பல வருடம் அந்த மாநில வயல்களை ஆண்டது. ஒரு காட்டுப் புல்லிலிருந்து வந்த 2என்எஸ் என்ற குரோமோசோம் துண்டு அதில் இருக்கிறது. துரு நோயைத் தாங்குவதற்காக மதிக்கப்பட்ட அந்தத் துண்டு, பின்னாளில் கோதுமை பிளாஸ்ட் என்ற பூஞ்சை நோயையும் தாங்குகிறது என்று தெரியவந்தது. 2016இல் அந்த நோய் வங்கதேசத்துக்குள் வந்த பிறகு நமக்கும் அது அக்கறையான செய்தி. பிக்ரம் கில் என்ற மரபியல் விஞ்ஞானி வளர்த்தெடுத்த காட்டுக் கோதுமை மரபணுச் சேகரிப்பும் இதே ஊரில்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பயிர்ப் பெருக்கமும் தானிய அறிவியலும் அங்கே தனித்தனித் துறைகள். இரண்டிலும் கால் வைக்க நீங்களாகத்தான் ஓட வேண்டும். என் வழிகாட்டிக் குழுவில் இரு பக்க ஆட்களையும் சேர்க்கவே எனக்கு ஒரு செமஸ்டர் போனது. மரபியல் மட்டும் போதும், மில் பக்கம் எட்டிப் பார்க்கும் எண்ணம் இல்லை என்பவர்களுக்குப் புல்மனில் அலைச்சல் குறைவாக இருக்கலாம். அதை அங்கே படித்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கே விண்ணப்பித்தாலும், பேராசிரியரோடு முதல் வீடியோ கால் வரும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "நான் வளர்க்கும் வரிசையை அரைக்கும் நாளில் நானும் உருளைப் பக்கத்தில் நிற்க முடியுமா?" எனக்கு ஒரு இடத்தில் "மாதிரியை அனுப்பினால் முடிவு வரும்" என்றார்கள். இன்னொரு இடத்தில் "காலை ஆறு மணிக்கு வந்துவிடு" என்றார்கள்.