டயாட்டம் பார்க்க ஃபோல்ட்ஸ்கோப் போதுமா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப், நாமே மடித்துப் பொருத்திக்கொள்ளும் காகித நுண்ணோக்கி. சிறிய கோள லென்ஸ் ஒன்றைக் கொண்டு 140 மடங்கு பெரிதாக்கி, 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுணுக்கத்தைக் காட்டும் இக்கருவியை டயாட்டங்கள் என்னும் ஓடுடைய ஒற்றைச்செல் பாசிகளுக்காகவே வாங்கலாமா என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உயிருள்ள டயாட்டங்களைப் பார்ப்பதற்கு, தயங்காமல் வாங்கலாம். ஓடைக் கல்லில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் பழுப்புப் படலத்தைச் சுரண்டி ஒரு துளி நீரில் வைத்தால், படகு வடிவ நாவிகுலா வகை டயாட்டங்கள் பொன்பழுப்பாகத் தெரிகின்றன; பச்சையத்தின் நிறத்தை மறைக்கும் ஃபியூகோசாந்தின் என்னும் நிறமியே அதற்குக் காரணம். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால், நீந்துவதற்கான இழை எதுவும் இல்லாத அவை சீராக வழுக்கிச் செல்வதும், உடலைத் திருப்பாமலே வந்த வழியில் பின்னோக்கி நகர்வதும் புலப்படும். ஓட்டின் நீளவாக்கில் அமைந்த ரேஃபி என்ற பிளவின் வழியே சுரக்கும் பசைப்பொருள்தான் இந்த நகர்வுக்கு உதவுகிறது. அசையாத புகைப்படங்கள் தர முடியாத காட்சி இது.

ஒரே இனத்தைச் சேர்ந்தவை பல அளவுகளில் தென்படுவதையும் கவனியுங்கள். சிலிக்காவாலான ஓடு, பெட்டியும் மூடியும் போல இரு பாதிகளாக உள்ளது. செல் பிரியும்போது ஒவ்வொரு சேய் செல்லும் பழைய பாதியொன்றை மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் புதிய பாதியை உருவாக்குவதால், ஒரு வழித்தோன்றல் தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டே போகிறது. பாலினப்பெருக்கத்தின் வழியாகவே பெரும்பாலும் முழு அளவு மீள்கிறது.

ஆனால், டயாட்டங்களுக்குப் புகழ் தேடித்தந்த ஓட்டு வேலைப்பாட்டை இதில் எதிர்பார்க்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் லென்ஸ்களின் தரத்தைச் சோதிக்கப் பயன்பட்ட புளூரோசிக்மா அங்குலேட்டம் என்ற டயாட்டத்தின் ஓட்டில் 10 மைக்ரானுக்குள் ஏறத்தாழ 20 வரிகள் உள்ளன. அரை மைக்ரான் இடைவெளியை இக்கருவியால் பிரித்துக் காட்ட இயலாது. மேலும், வெற்று ஓடுகள் நீரில் மிக மங்கலாகவே தெரியும். அமிலத்தால் தூய்மைப்படுத்தி, ஒளிவிலகல் எண் மிகுந்த பிசினில் பதித்தால்தான் அவை துலங்கும். அது வீட்டில் செய்யத்தக்க வேலையன்று. அவ்வாறு பதித்த ஸ்லைடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் அரக்னாய்டிஸ்கஸ் போன்ற பெரிய வட்ட இனங்களைத் தேர்ந்தெடுத்தால், ஆரக்கால்களாக விரியும் விலாக்களை ஃபோல்ட்ஸ்கோப்பிலேயே காணலாம். நுண்வரிகளே வேண்டுமென்றால், குறைந்தது 40 மடங்கு பொருளருகு லென்ஸ் கொண்ட நல்ல கூட்டு நுண்ணோக்கிக்குப் பணம் சேர்ப்பதே முறை.