தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சுவதா, பம்ப் வாங்குவதா?

பேறுகால விடுப்பு முடியப்போகும் தோழிகள் எல்லோரும் கேட்பது இது. முதலில் ஒன்று: மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாகச் சுரக்கும், தேங்கினால் சுரப்பு குறையும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை உண்டாக்கும், ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அதை வெளியே தள்ளும். கையோ பம்ப்போ, இந்தக் கணக்கு மாறாது.

செலவு: கைக்குக் காசே இல்லை. மின் பம்ப்புக்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

பிரசவமான முதல் சில நாள்: சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கையால் எடுத்தால் நேரே பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னக் கிண்ணம்) பிடிக்கலாம். பம்ப்பில் எடுத்தால் ஒரு பகுதி அதன் பாகங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். இங்கே கைதான், சந்தேகமில்லை.

வேகம்: இரட்டை பம்ப்பில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் முடியும். கைக்குப் பழக்கம் வேண்டும், மணிக்கட்டும் வலிக்கும்.

சுத்தம்: கையையும் பால் பிடிக்கும் பாத்திரத்தையும் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். பம்ப்பில் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும் (இதில்தான் பலர் சலித்துப்போகிறார்கள்).

எடுத்த பால் 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம் தாங்கும். சென்னை வெயிலில் அதை நம்பாதீர்கள். உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், 4 நாள் இருக்கும்.

தினமும் அலுவலகம் போய் எட்டு மணி நேரம் பிரிந்திருப்பவருக்கு மின் பம்ப். வீட்டிலிருந்து எப்போதாவது வெளியே போகிறவருக்கு, மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறவருக்கு, கை போதும்.