பன்னிரண்டு மாதச் செலவு, ஏழு மாத வரவு

ஐப்பசி பிறந்ததும் எங்கள் மனமகிழ் மன்றத்தில் முதலில் நடப்பது ஒன்றுதான். ஆடுகளத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் டென்னிஸ் வலையைக் கழற்றிச் சுருட்டி, சுண்ணாம்புக் கோடு போடும் டப்பாவோடு சேர்த்துச் சீட்டாட்ட அறையின் மூலையில் வைத்துவிடுவார். அதன் பிறகு தை வரை செம்மண் ஆடுகளம் சேற்று வயல்தான். மன்னார்குடியில் அடியில் இருப்பது வண்டல். மேலே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டினாலும் தண்ணீர் கீழே இறங்காது.

நான் இங்கே பொருளாளர். செலவுக்கு மழை விடுமுறை கிடையாது. காவலாளிக்கும் மார்க்கருக்கும் சம்பளம் உண்டு, விளக்கே எரியாத மாதத்திலும் வணிக மின் இணைப்புக்கு நிலைக்கட்டணம் உண்டு. அரையாண்டுச் சொத்துவரி அக்டோபரில் வந்து நிற்கும், கூடவே தீபாவளி போனஸ். வரவோ ஆவணியிலேயே இளைத்துவிடும். உறுப்பினர்களில் பாதிப் பேர் நிலத்தையோ, உரக்கடையையோ, அரிசி ஆலையையோ நம்பியிருப்பவர்கள். சம்பா நடவில் போட்ட பணம், நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்ட பிறகுதான் திரும்பும். மாசியில் ஒரே வாரத்தில் நிலுவைச் சந்தா முழுக்க வந்து ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோகும். ஆகவே வரவுக்கு எந்த யோசனை வந்தாலும் “எவ்வளவு வரும்?” என்று நான் முதலில் கேட்பதில்லை. “கார்த்திகையில் வருமா?” என்றுதான் கேட்கிறேன்.

முதல் யோசனை, கோல்ஃப். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் மகன், மரியாதையாகவே சொன்னார். பதினெட்டுக் குழி கொண்ட முழு மைதானத்துக்குச் சுமார் 120 ஏக்கர் வேண்டும், அதாவது பதினெட்டு வேலி. நம் ஊர் நில அளவையில் ஒரு வேலிக்கு 2,000 குழி. கோல்ஃபில் ஒரு வேலிக்கு ஒரே குழி! எங்களிடம் இருப்பது நான்கு ஏக்கர். நிலத்தை விடுங்கள், குழியைச் சுற்றியுள்ள புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு அநேகமாகத் தினமும் வெட்ட வேண்டும். ஆட்டக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் புல் வளரும். பிரிட்டனில் குளிர்காலத்தில் உறைபனி விழுந்தால் அந்தப் புல்தரையை மூடிவிட்டுத் தற்காலிகக் குழிகளில் ஆடுவார்கள். ஆனாலும் ஆண்டுச் சந்தா முன்கூட்டியே வந்திருக்கும். 1895 முதல் இருக்கும் கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்கு மலைச்சரிவாவது தண்ணீரை வடித்துக்கொடுக்கும். எங்களுக்குச் சரிவும் இல்லை, முன்கூட்டிச் சந்தாவும் இல்லை.

அந்த முன்கூட்டிச் சந்தாதான் இரண்டாவது யோசனை. மாசியில் கையில் பணம் புரளும்போதே ஆண்டு முழுமைக்கும் வாங்கிவிட்டு, அப்படிக் கட்டுவோருக்கு ஒரு மாதச் சந்தாவைத் தள்ளுபடி செய்யலாம். புதுப் பணம் ஒரு ரூபாய்கூட வராதுதான். ஆனால் கார்த்திகைச் சம்பளம் மாசியிலேயே வங்கியில் கிடக்கும். சந்தாவை வெறுமனே உயர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். உயர்த்தினால் விலகுவது பணமில்லாதவர் அல்லர், ஆட வராதவர். அவர் கொடுக்கும் சந்தா முழுவதும் லாபம். அவரை இழக்க முடியாது.

மூன்றாவது, திருமண வரவேற்புக்கு மைதானத்தை வாடகைக்கு விடுவது. பார்ப்பதற்குப் பெரிய தொகை. இரண்டு முறை விட்டுப் பார்த்தோம். சமையல்காரர் கோட்டை அடுப்பை எங்கே வைப்பார் என்று யாரும் கேட்கவில்லை, புல்தரையின் நடுவில் வைத்தார். அந்த வட்டத்தில் இன்றுவரை புல் முளைக்கவில்லை. பந்தல்காலுக்கும் வாழை மரத்துக்கும் டென்னிஸ் களத்தில் தோண்டியதை மறுநாள் காலை எண்ணினேன். பதினோரு குழி. கோல்ஃபுக்கு இன்னும் ஏழுதான் பாக்கி.

இதைவிடப் பெரிய குறை, பணம் வரும் மாதம். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் உண்டு, ஆனால் திறந்தவெளியில் யார் பந்தி போடுவார்கள்? வரவு வருவது தையிலும் வைகாசியிலும், அதாவது எங்களுக்கு நெருக்கடி இல்லாத, உறுப்பினர்கள் ஆட வருகிற மாதங்களில். இன்னொரு சிக்கல் ஜி.எஸ்.டி. 2021இல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தால் மன்றங்களின் சந்தாவும் வரிக்குரிய வரவாயிற்று. மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. வாடகையைச் சேர்த்து அந்தக் கோட்டைத் தாண்டினால், உறுப்பினர் கொடுக்கும் சந்தாவின்மேலும் 18 சதவீதம் ஏறும். கல்யாண வீட்டுப் பணத்துக்குச் சீட்டாடுகிற பெரியவர் வரி கட்ட வேண்டுமா?

நான்காவது, இப்போது ஊருக்கு ஊர் முளைக்கும், கட்டணம் கட்டி ஆடும் செயற்கைப் புல்தரை. ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு ஏக்கரை ஒன்பது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தால் தரையும் வலையும் மின்விளக்கும் அவர் செலவு. அவர் விரும்புவது வருமானத்தில் பங்கு. நான் கேட்பது நிலையான மாத வாடகை, கொஞ்சம் குறைந்தாலும் சரி. பங்கு என்றால் மழையில் அவருக்கும் சுழியம், எங்களுக்கும் சுழியம், பழைய நிலைமையே. கூரை போட்டால் மழைக்காலத்தில்தான் பையன்கள் வந்து குவிவார்கள் என்கிறார், உண்மைதான். ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் தகரங்கள் பறந்ததைப் பார்த்த ஊர் இது. கூரை யார் பொறுப்பு, காப்பீடு யார் பெயரில், வடிகால் யார் வெட்டுவது என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். அந்தப் புல் ஏழெட்டு ஆண்டுகளில் நைந்துவிடும். குத்தகை முடியும்போது அந்தப் பிளாஸ்டிக்கைச் சுருட்டிக்கொண்டு போகவேண்டியவர் யார் என்பதும்தான்.

மது உரிமம் எடுக்கலாம் என்ற குரலும் உண்டு. உரிமக் கட்டணமே ஆண்டுதோறும் கட்ட வேண்டிய இன்னொரு நிலைச் செலவு. நான் அதன் பக்கம் போகவில்லை.

செயற்குழுவில் நான் வைக்கப்போவது இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்த ஒன்று: மாசியில் ஆண்டுச் சந்தா, தெற்கு மூலை ஒரு ஏக்கருக்கு நிலையான வாடகை. டென்னிஸ் களத்தை யாரும் தொடக் கூடாது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, சீட்டாட்ட அறையில். கூரை ஒழுகாத இடம் அது ஒன்றுதான். வலைச் சுருளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உட்கார வேண்டும்.