கிணற்றில் கரைப்பான் இறங்கினால்: பாறைக்கு ஒரு வழி, மணலுக்கு ஒரு வழி

சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் மிதக்கும், மணக்கும், வாளியை இறக்கினாலே காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலைக் கரைப்பான் அப்படி இல்லை. இயந்திரப் பாகங்களில் கிறீஸ் கழுவவும் துணியில் கறை எடுக்கவும் உலகெங்கும் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் நிறமற்றது. ஒரு லீற்றர் 1.46 கிலோ எடை. அதனால் தண்ணீரையும் தாண்டி அடிக்கு இறங்கித் தங்கிவிடும். இது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 2012இல் உறுதியானது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 8 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மண்ணில் ஊற்றிய ஒரே ஒரு லீற்றர், 18 கோடி லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும்.

ஏ9 வீதியோரம் கராஜுகளும் பட்டறைகளும் கூடிக்கொண்டே போகின்றன. அப்படி ஒரு நாள் வந்தால் எந்த வழியில் துப்புரவு செய்வது என்று இப்போதே பேசி வைப்பது நல்லது.

முதலில் இரண்டு தவறான நம்பிக்கைகளைத் தள்ளிவிடுவோம். கொதிக்கவைத்தால் சரி என்பார்கள். கொதிக்கும்போது அது ஆவியாகிக் குசினிக்குள்தான் நிற்கும். கிராமங்களில் வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் உப்பையும் புளோரைட்டையும் பிடிக்க வந்தது. இந்தச் சிறிய மூலக்கூறை அது முழுதாகத் தடுக்கும் என்று நம்பிக் குடிக்கக் கூடாது.

சரி, வழிகளுக்கு வருவோம். பழையது, இறைத்துச் சுத்திகரிப்பது. குழாய்க் கிணற்றால் நீரை மேலே எடுத்து, கோபுரத்தில் கொட்டவிட்டு எதிர்க்காற்று ஊதினால் கரைப்பான் காற்றோடு போய்விடும். அல்லது கரிப் படுக்கை வழியாக விடலாம். அந்தக் கரிக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. உலகுக்கே சிரட்டைக் கரி செய்து அனுப்பும் நாடு இது. குறை எங்கே என்றால் காலம். அமெரிக்காவில் 1994இல் இப்படி இறைத்த 77 இடங்களைத் திரும்பிப் பார்த்தபோது, இலக்கைத் தொட்டவை மிகச் சில. அடியில் தங்கியது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும், பம்பியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் மாசு பக்கத்து வளவுக் கிணறுகளுக்கு நகராமல் வேலிபோல் பிடித்து வைக்க இதைவிட நம்பகமான வழியை நான் காணவில்லை.

இதற்கு எதிரே நிற்பது பரமங்கனேற்று, காயம் கழுவும் அதே ஊதா மருந்து. நிலத்துக்குள் செலுத்தினால் கரைப்பானைத் தொட்ட இடத்தில் உடைத்துவிடும். வேகம்தான் இதன் பெருமை. ஆனால் தொட வேண்டுமே! வவுனியாப் பக்கம் கருங்கல். நீர் நிற்பது வெடிப்புகளில். எந்த வெடிப்பில் கரைப்பான் இறங்கியது என்று தெரியாமல் மருந்தை விட்டால் அது வேறு வெடிப்பால் ஓடிவிடும். மக்கிய பொருள் நிறைந்த வயல் மண்ணென்றால் மருந்தின் பெரும்பகுதியை மண்ணே தின்றுவிடும். சில மாதம் பரிசோதனை முடிவு நன்றாக வந்து, பிறகு மாசு மறுபடி ஏறுவதும் உண்டு.

மூன்றாவது பக்டீரியா. தாவர எண்ணெயோ சர்க்கரைப்பாகோ நிலத்துக்குள் கொடுத்தால், பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர் கரைப்பானின் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் தீங்கற்ற எத்திலீனாக்கும். குளிர் நாடுகளில் இது மெதுவாக நடக்கும். நம் வெக்கை இதற்கு வாய்ப்பு. முல்லைத்தீவு மணலில் உணவு பரவுவதும் எளிது. ஆனால் கடலை அண்டிய உவர் நீரில் சல்பேற்று கூட இருப்பதால், போட்ட உணவை வேறு நுண்ணுயிர்கள் பறித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, வேலை பாதியில் நின்றால் வைனைல் குளோரைட் மிஞ்சுவது. அது மூலக் கரைப்பானைவிட மோசமான நஞ்சு.

இரும்புத் தூள் மதில் என்றும் ஒன்று உண்டு. நீர் போகும் வழியில் அகழி வெட்டி இரும்புத் தூளை நிரப்புவது; ஊடே போகும் கரைப்பானை இரும்பு உடைத்துவிடும். ஆழமில்லாத மணலுக்கு அருமை, கருங்கல்லில் வெட்டவே முடியாது.

என் தெரிவைச் சொல்கிறேன். எங்கே என்றாலும் முதல் நாளிலிருந்தே குடிநீர் பவுசரிலோ குழாயிலோ வெளியிலிருந்து வர வேண்டும். கொட்டிய இடத்து மண்ணை, நீர்மட்டம் கீழே போயிருக்கும் கோடையிலேயே, மாரி தொடங்க முன் தோண்டி எடுக்க வேண்டும். அதன்பின் வவுனியாப் பாறையில் இறைப்பு, நீண்டகாலம் என்று தெரிந்தே. முல்லைத்தீவு மணலில், உவர் இல்லாத இடமென்றால், பக்டீரியா.

பக்டீரியாவைத் தேர்ந்தால் ஒன்றைக் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வைனைல் குளோரைட்டைக் கரி சரியாகப் பிடிக்காது. ஊர்க் கிணற்று வாயில் சிரட்டைக் கரி மட்டும் வைத்திருந்தால், நிலத்துக்குள் பக்டீரியா பாதியில் விட்டது நேரே குடத்துக்குள் வரும். அங்கே காற்றுக் கோபுரமும் வேண்டும். பரிசோதனைப் பட்டியலில் வைனைல் குளோரைட்டின் பெயரும் தனியாக இருக்க வேண்டும்.