மும்பையில் ஹெட்ஃபோன் வாங்குபவருக்கு: நான்கு ஹெட்ஃபோன்கள், ஓர் அலசல்

ஹெட்ஃபோன் வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. எங்கே இருந்து கேட்பீர்கள், என்ன கேட்பீர்கள் என்றுதான் கேட்கிறேன். டோம்பிவிலியில் ஏறி சி.எஸ்.எம்.டி. வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் லோக்கல் ரயிலில் நின்றபடி போகிறவருக்கும், செம்பூரில் வீடு அடங்கிய பிறகு பழைய கச்சேரிப் பதிவுகளோடு உட்காருகிறவருக்கும் ஒரே ஹெட்ஃபோன் ஒத்துவராது. இந்த ஊரின் ஈரக்காற்று மட்டும் இருவருக்கும் பொது. ஹெட்ஃபோனின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒப்பிட நான்கை எடுத்துக்கொள்கிறேன். வெளிச்சத்தத்தை அடக்கும் (நாய்ஸ் கேன்சலிங்) வயர்லெஸ் வகையில் சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. காதை மூடும் வயர் வகையில் ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸும் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவும். பின்புறம் திறந்த வகையில் சென்ஹைசர் எச்டி 600. காதுக்குள் செருகும் சிறிய இயர்பட்ஸை விட்டுவிடுகிறேன். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தளர்ந்த பிறகு அவற்றைச் சரிசெய்ய அநேகமாக வழியில்லை.

ஒலியிலிருந்து தொடங்கலாம். கடையில் போட்டுக் காட்டும் அதிரடிப் பாட்டை வைத்து எந்த ஹெட்ஃபோனையும் எடைபோட முடியாது. அந்தப் பாட்டில் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவைக் கொண்டுபோங்கள். தம்புராவின் ஜீவா (குதிரையில் நூல் செருகி எழுப்பும் செழுமையான நாதம்) தனித்துக் கேட்கிறதா, வெறும் ரீங்காரமாகக் கலங்கிப்போகிறதா என்று பாருங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கும்கி என்ற சறுக்கொலி வளைந்து எழுகிறதா, அல்லது ‘தொம்’ என்று ஓரிடத்தில் நின்றுவிடுகிறதா? கீழ் ஸ்தாயியில் நிற்கும் குரலுக்கும் அதைத் தொடரும் வயலினுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றவற்றைப் பெரும்பாலும் நம்பலாம்.

இந்தச் சோதனையில் எச்டி 600க்கு மற்ற மூன்றும் ஈடாகா. 1997 முதல் விற்பனையில் இருக்கும் மாடல் இது. குரலும் வயலினும் உலவும் நடு அலைவரிசையை எதையும் கூட்டாமல் குறைக்காமல் தருகிறது. பாடகர் மூச்சு எடுப்பது, வில் திரும்புவது எல்லாம் தானாகக் காதில் விழுகின்றன. மிக ஆழமான பாஸ் மட்டும் சற்று மெலிவு. மிருதங்கத்துக்கு அது குறையாகப் படுவதில்லை. சினிமாப் பாட்டுக்குச் சிலருக்குப் படலாம்.

டிடி 770 ப்ரோவின் குணம் வேறு. ஆழமான பாஸும் உச்ச ஒலிகளும் தூக்கலாக இருக்கும். தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) கேட்க இதைவிடக் கிளர்ச்சியூட்டும் மூடிய ஹெட்ஃபோன் இந்த விலைப் பகுதியில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேல் ஸ்தாயி வயலினும் நாமசங்கீர்த்தனப் பதிவுகளில் வரும் ஜால்ராவும் கூராகக் குத்தும். எம்50எக்ஸும் பாஸைக் கூட்டித்தான் தருகிறது. குரல் அரை அடி பின்னால் போய்விடுகிறது. சோனியில் பாஸ் இன்னும் கனம். ஆனால் அதற்கான கைப்பேசிச் செயலியில் ஈக்வலைசர் இருப்பதால் கீழே இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். செய்துகொண்டால் கண்ணியமான ஒலி.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் பலர் கேட்பது கேசட்டிலிருந்தும் வானொலியிலிருந்தும் பிடித்த பழைய மோனோ பதிவுகள். அவற்றில் ‘உஸ்ஸ்’ என்ற டேப் இரைச்சல் உண்டு. நாய்ஸ் கேன்சலிங் வாங்கினால் அது போய்விடும் என்று எண்ணுகிறார்கள். போகாது. அந்த வசதி அடக்குவது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தை. பதிவுக்குள் இருக்கும் சத்தத்தை அல்ல. உச்ச ஒலியைத் தூக்கிக்காட்டும் டிடி 770இல் அந்த ‘உஸ்ஸ்’ இன்னும் கூடுதலாகத் தெரியும். எச்டி 600 அதை அடக்கமாக வைக்கிறது. உங்கள் சேகரிப்பில் பாதிக்கு மேல் பழைய பதிவுகள் என்றால் இந்த ஒரு காரணமே போதும்.

வயர்லெஸ்காரர்கள் கோடெக் பற்றி, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை பற்றி, நிறையப் பேசுவார்கள். எல்டிஏசி என்ற கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ஐஃபோன் அதை ஏற்காமல் ஏஏசி என்ற வேறொரு கோடெக்கோடு நின்றுவிடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் கச்சேரிகள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றுக்காக இந்தக் கணக்கைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இனி ரயில். நாய்ஸ் கேன்சலிங் யோசனை 1978இல் ஒரு விமானப் பயணத்தில் அமெரிக்கப் பொறியாளர் அமர் போஸுக்குத் தோன்றியது. அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமான எஞ்சினின் இடைவிடாத தாழ்ந்த முழக்கத்துக்கு எதிராகப் பிறந்த உத்தி என்பதால், லோக்கலின் மோட்டார் உறுமலையும் தண்டவாளத் தடதடப்பையும் நன்றாக அடக்குகிறது. பக்கத்தில் நடக்கும் பேச்சு, திடீரென்று அலறும் ஹாரன், விற்பனைக்காரர் குரல் ஆகியவற்றை அந்த அளவுக்கு அடக்காது. ஆனாலும் ரயிலில் சோனிதான் வெல்கிறது. காரணம் காதின் நலம். இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது செவியைக் கெடுக்கும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. இரைச்சல் அடங்கினால் ஒலியைத் தாழ்த்தி வைக்க முடிகிறது. நடைமேடையிலும் சாலையைக் கடக்கும்போதும் மட்டும் கழற்றிவிடுங்கள். எந்தப் பாட்டும் அதற்குமேல் பெரிதில்லை.

எச்டி 600ஐ ரயிலில் போட்டுப் பயனில்லை. வெளிச்சத்தம் அத்தனையும் உள்ளே வரும். உள்ளே ஓடும் பாட்டு பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். வீட்டிலும் இதே சிக்கல்தான். ஓர் அறையும் சமையலறையுமான வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் திறந்த ஹெட்ஃபோன் உதவாது. தனி அறை இருப்பவருக்கே அது பொருந்தும். மேலும் அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 300 ஓம், அதாவது நன்றாக ஒலிக்க வலுவான சிக்னல் வேண்டும். கைப்பேசியின் சி-டைப் அடாப்டரில் செருகினால், தாழ்வாகப் பதிவான பழைய கச்சேரிகளுக்கு ஒலி போதாமல் போகும். தனி ஆம்ப்ளிஃபயர் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். டிடி 770இல் 80 ஓம் வகையை வாங்கினால் நல்ல அடாப்டரே பெரும்பாலும் போதும். 250 ஓம் வகையைத் தவிர்க்கலாம்.

வசதி என்று வரும்போது எடையை மட்டும் பார்க்கக் கூடாது. நான்கும் ஏறக்குறைய 250இலிருந்து 285 கிராமுக்குள் அடங்குபவை. வேறுபாடு அழுத்தத்திலும் காதில் படும் உறையிலும் இருக்கிறது. எம்50எக்ஸ் இறுகப் பிடிக்கும், காதுக்கான குழியும் ஆழம் குறைவு. கண்ணாடி அணிந்தவருக்கு அரை மணியில் நெற்றிப்பொட்டு வலிக்கும். எச்டி 600 புதிதில் இறுக்கம், போகப்போகத் தளரும். டிடி 770இன் வெல்வெட் போன்ற துணி உறை கண்ணாடிக் கம்பியைச் சுற்றி மென்மையாக வளைந்துகொடுக்கிறது. மே மாதத்தில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் செயற்கைத் தோல் உறை எதுவானாலும் காதைச் சுற்றி வியர்க்கும். சோனியும் அப்படித்தான், எவ்வளவு மிருதுவாக இருந்தாலும்.

உழைப்பில்தான் நான்கும் உண்மையாகப் பிரிகின்றன. செயற்கைத் தோல் என்பது பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சு. காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து அதன் வேதிப் பிணைப்பை மெல்ல உடைக்கின்றன. ஜூனில் தொடங்கும் மழைக்காலம் அதை விரைவுபடுத்துகிறது. ஒருநாள் காதோரத்தில் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் மூடி வைத்தாலும் உரியும். துணி உறைக்கு இந்த நோய் இல்லை. கழற்றி, மிதமான சோப்புநீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். மழைக்காலத்தில் ஈரத்தோடு பையில் திணிக்காமல் இருந்தால் சரி. மும்பைக்கு நான் துணி உறையை வலியுறுத்துவது இதனால்தான்.

உறை தேய்வது தவறில்லை. மாற்ற முடியாவிட்டால்தான் வீண். எச்டி 600இல் கேபிள், உறை, தலைப்பட்டை மெத்தை எல்லாம் கையாலேயே கழன்று வரும். டிடி 770இன் தலைப்பட்டை எஃகு. உதிரிப் பாகங்கள் தனியாகக் கிடைக்கின்றன. கேபிள் மட்டும் கழற்ற முடியாதது. அது அறுந்தால் மின்னணுக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் சால்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்க வேண்டும். எம்50எக்ஸின் கேபிள் கழலும். சோனியில் உறையை மாற்றலாம், கேபிள் செருகியும் கேட்கலாம். ஆனால் லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜுகளுக்குப் பிறகு தளரத்தான் செய்யும். புதிதில் 30 மணி நேரம் ஓடியது பாதியாகும். அதை மாற்ற ஹெட்ஃபோனைத் திறந்தாக வேண்டும். அடுத்து வந்த எக்ஸ்எம்5 மடங்காது என்பதால், நெரிசல் ரயிலில் பையில் போட்டுப் போகிறவருக்கு எக்ஸ்எம்4ஐயே சொல்வேன்.

தினமும் ரயிலில் மட்டும் கேட்பவர் சோனியை வாங்கலாம், நான்கைந்து ஆண்டுப் பொருள் என்ற தெளிவோடு. தனி அறையும் ஆம்ப்ளிஃபயருக்குப் பணமும் இருந்து, வாய்ப்பாட்டுதான் உயிர் என்பவருக்கு எச்டி 600. இருவருக்கும் இடைப்பட்டவர்களே நம்மில் அதிகம். அவர்களுக்கு 80 ஓம் டிடி 770 ப்ரோ. எம்50எக்ஸை, கழலும் கேபிளும் மடங்கும் உடலும் கட்டாயம் வேண்டும் என்பவருக்கு மட்டுமே சொல்வேன்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று கடைக்காரர் சொன்னால், வாரன்டியும் சேர்ந்தே குறைகிறது. சோனியிலும் எம்50எக்ஸிலும் போலிகள் நிறையப் புழங்குகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கும் புதுப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.